சாம்பிள் மூட்டையில் ஒரு பிடி

“சாம்பிள் மூட்டை எனக்கு வேண்டாம். விக்கிற மூட்டை ஒண்ணைப் பிரிச்சுக் குடுங்க.”

குடோனில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த நாலு பேரின் கையும் அப்படியே நின்றது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் அவளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அன்பொழுகச் சொன்ன ஒரே சட்டம் அதுதான். லேபுக்கு வருகிற சாம்பிளை ஒரு தடவை சோதி, இருபது தடவை சோதி, யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தையல் போட்ட மூட்டையை மட்டும் கேட்காதே. பிரித்த மூட்டையை எவன் வாங்குவான்? சரக்கு வீணாகும். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருடமாக அவளும் கேட்டதில்லை.

“என்ன டிகிரி, காலங்காத்தால வெறும் வயித்தோட வந்துட்டியா?” என்றான் தையல் மெஷின்காரன்.

ஆலையில் அவளுக்குப் பெயரே அதுதான். மூட்டை தூக்குகிறவரின் மகள் பட்டம் வாங்கி, அதே தீவன ஆலையின் லேபில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்த நாளில் வைத்த பெயர். அதில் கேலி பாதி, பெருமை பாதி. எது எந்தப் பாதி என்பது கூப்பிடுகிற ஆளைப் பொறுத்தது.

“வயிறு நெறைஞ்சுதான் இருக்கு. கத்தி இருக்கா?”

“உங்கப்பாவைக் கேளு. சாம்பிள் அவரு டிபார்ட்மெண்ட். நான் வெறும் தையக்காரன்.”

அப்பா எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றார். இருபது வருடம் சுமந்து தோள்பட்டை தேய்ந்துபோன பிறகு, ஆறு வருடமாக அவருக்குக் கலவைப் பிரிவில் வேலை. ஒவ்வொரு கலவையிலிருந்தும் சாம்பிள் எடுத்து, சின்ன மூட்டையாகக் கட்டி, லேபுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. மகள் கேட்டது காதில் விழாத மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“மேனேஜரைக் கேட்டுக்கிட்டு வா, பாப்பா” என்றார்.

“அவரைக் கேட்டா தருவாரா?”

“தர மாட்டாரு.”

“அப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

தையல் மேஜையில் கிடந்த கத்தியை அவளே எடுத்தாள். ஆட்டுக்குட்டித் தீவனம், பதினேழாம் நம்பர் கலவை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டுத் தையலை அறுத்தாள். யாரும் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. உள்ளேயிருந்து வந்த வாடை மூக்கில் அறைந்தது. நாலு நாள் பொரித்து, ஆற வைத்து, மறுபடி பொரித்து, வாணலியிலேயே விட்டுவிட்ட எண்ணெயின் காறல் வாடை.

இரண்டு வருடமாக அவளிடம் வந்த சாம்பிள் எதிலும் அந்த வாடை இருந்ததில்லை.

முந்தின நாள் மாலை அவள், இந்த ஆலைத் தீவனம் வாங்குகிற ஆட்டுக்காரம்மா ஒருத்தியின் கொட்டகைக்குப் போயிருந்தாள். ஆலை சொல்லிப் போகவில்லை. அன்று காலையில் அந்த அம்மாள் செத்த குட்டி ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கேட்டில் வைத்துக் கத்தியதையும், மேனேஜர் வெளியே வந்து, “வைக்கோல்ல பூஞ்சை புடிச்சிருக்கும், போய் உங்க கொட்டகையக் கூட்டுங்கம்மா” என்று அனுப்பிவைத்ததையும் லேப் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து பஸ் பிடித்துப் போனாள்.

கொட்டகை கூட்டித்தான் இருந்தது. ஆலையின் கேன்டீனைவிடச் சுத்தம். ஓரமாகப் பதினோரு குட்டிகள் வரிசையாகக் கிடந்தன. செத்தவை இல்லை. தலையைத் தூக்கி, கண்ணை அகல விழித்து, ஆள் வந்ததும் காதை ஆட்டின. பின்னங்கால்கள் மட்டும் மரக்கட்டை மாதிரி விறைத்து நீண்டிருந்தன. ஒன்று எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் ஊன்றியது, இடுப்பு வரவில்லை. நடுங்கி, சரிந்து, மறுபடியும் அதே இடத்தில் தலையைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தது.

“காய்ச்சல் இல்ல, கழிச்சல் இல்ல” என்றாள் ஆட்டுக்காரம்மா. “மடியில கொண்டுபோய் வாயை வெச்சா முட்டி முட்டிக் குடிக்குது. பசிக்குதும்மா அதுங்களுக்கு. எந்திரிக்கத்தான் முடியல. நாள் பூரா நான் தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கேன். குடிச்சுக்கிட்டே இருக்கும், பொசுக்குனு தலை சாஞ்சுடும். குடிக்கிறப்பவே செத்தா நான் என்னன்னு நெனைக்கிறது?”

கால்நடை டாக்டர் செத்த குட்டி ஒன்றைக் கொட்டகைக்குப் பின்னால் பலகைமேல் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். தொடைச் சதையை விரித்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய சதை வேகவைத்த கறி மாதிரி வெளுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. நெஞ்சைத் திறந்தார். இதயத்தின் சுவரிலும் அதே வெள்ளைக் கோடுகள்.

“தெரியுதா?”

“தெரியுது, டாக்டர். வைட்டமின் ஈ இல்ல.”

“ஈ இல்லன்னா இப்படி, செலினியம் இல்லன்னாலும் இப்படி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை. செலினியம் ரத்தத்துல சரியா இருக்கு, பார்த்துட்டேன். பச்சைப் புல்லு மேஞ்சிருந்தா தப்பிச்சிருக்கும். இந்தம்மாவுக்கு மேய்ச்சல் நிலம் ஏது? வைக்கோலும் உங்க மூட்டையும்தான். தாய்க்கும் உங்க தீவனம், குட்டிக்கும் உங்க தீவனம். பால்லயும் இல்ல, தொட்டியிலயும் இல்ல.”

“அந்தக் கலவையை நான்தான் பார்த்தேன். கிலோவுக்கு நூறு மில்லிகிராம் இருக்கணும், நூத்திப் பன்னெண்டு இருந்துச்சு.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “நூத்திப் பன்னெண்டா? அப்போ இது ஆனந்தத்துல செத்துச்சாம்மா?”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“உசுரோட இருக்கிறதுக்கெல்லாம் ஊசி போட்டுட்டேன். கால் மட்டும் போனதுல சிலது எந்திரிக்கும். இதயத்துக்குப் போனது எந்திரிக்காது. நாளைக்கு நாலு மணிக்கு உங்க ஆலை ரிப்போர்ட் கால்நடை ஆபீசுக்கு வரணும்னு எழுதிப் போட்டிருக்காங்க. அதுல நூத்திப் பன்னெண்டுன்னு இருந்தா கேஸ் முடிஞ்சுது. தப்பு இந்தம்மா மேல. பதினேழாம் நம்பர் மூட்டை இன்னும் எத்தனை கொட்டகைக்குப் போச்சோ, அங்கேயும் இதேதான்.”

அதனால்தான் காலையில் கத்தியை எடுத்தாள்.

வைட்டமின் ஈ-யை அளப்பது மணிக்கணக்கில் இழுக்கிற வேலை. தீவனத்தை அரைத்து, காரத்தில் காய்ச்சி, கொழுப்பைப் பிரித்து, கரைப்பானில் இறக்கி, வெளிச்சம் படாமல் வற்றவைத்து, மெஷினில் ஏற்ற வேண்டும். பிரித்த மூட்டையிலிருந்து இரண்டு பங்கு எடுத்தாள். பழைய சாம்பிள் மூட்டையில் மிச்சமிருந்ததையும் பக்கத்திலேயே வைத்தாள். ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால் கையைக் குறை சொல்ல வேண்டுமே, தன் கை தப்பாக இருந்தால்?

பதினொன்றரைக்குத் தாள் வெளியே வந்தது. சாம்பிள் மூட்டை நூற்றுப் பதினொன்று. விற்கிற மூட்டை ஏழு. இரண்டாம் தடவை ஆறு.

போனை எடுத்து ஆட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள். “அந்தத் தீவனத்தைத் தொட்டியிலிருந்து அள்ளிக் கொட்டிடுங்க. ஒரு பிடிகூட வைக்காதீங்க.”

“ராத்திரியே நிறுத்திட்டேன். நீங்க வந்துட்டுப் போன மூஞ்சியப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டேன்” என்றாள் அந்த அம்மாள். “காலையில ரெண்டு போயிடுச்சு.”

பத்து நிமிடம் கழித்து அப்பா லேபுக்கு வந்தார். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை, சாம்பிள் மூட்டையைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர். ஸ்டூலைக் காட்டினாள், உட்காரவில்லை.

“எவ்வளவு வந்துச்சு?”

“ஏழு. நீ அனுப்பிச்சதுல நூத்திப் பதினொண்ணு. எப்படிப்பா?”

அவர் கையைப் பிசைந்தார். மெஷினிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“சாம்பிளுக்குன்னு தனியாக் கலக்குறதுதானே.”

“யாரு?”

“நான்தான். தொட்டியில, கையால. மேனேஜர் ஒரு டப்பா குடுப்பாரு, நல்ல தூளு, பூச்சுப் போட்டது. புது எண்ணெய் ஒரு கேன். லேபுக்குப் போற மூட்டை அதுலதான் கலக்கணும்னு சொன்னாரு. விருந்தாளி வந்தா நல்ல தட்டை எடுத்து வெக்கிறோம்ல, அந்த மாதிரின்னு நெனைச்சேன்.”

“பெரிய மெஷின்ல போற கலவையில?”

“அதுல தூளு இல்ல. எண்ணெயாட்டம் ஒரு மருந்து, கேன்ல வரும். கொதிக்கிற டேங்குல ஊத்திடுவாங்க. ஓட்டல்ல இருந்து வாங்குற கறுப்பு எண்ணெய் டேங்கு. ஊத்தாம இருக்கிறதில்ல பாப்பா, என் கண்ணு முன்னாடிதான் ஊத்துறாங்க.”

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போடாமல் ஏமாற்றவில்லை, போட்டே ஏமாற்றியிருக்கிறார்கள். சூட்டிலும் காற்றிலும் கெடாமல் காக்கிற பூச்சில்லாத மருந்து, சூடான காறல் எண்ணெய், அப்புறம் பதினைந்து நாள் குடோன் புழுக்கம். கொள்முதல் ரசீதில் வைட்டமின் இருக்கும், மூட்டைக்குள் இருக்காது.

“வைட்டமின் ஈ என்ன பண்ணும்னு தெரியுமாப்பா?”

“சத்துன்னு தெரியும்.”

“எண்ணெய் நாளானா காறிப் போகுதுல்ல? உடம்புக்குள்ள இருக்கிற கொழுப்பும் அதே மாதிரி கெடும். சதையில, நரம்புல, இதயத்துல, ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசாக் கொழுப்புத் தோல் இருக்கு. அது கெடாம இருக்கணும்னா, கெட வர்றதை இது தன் மேல வாங்கிக்கிட்டுத் தான் செத்துப் போகணும். அதுதான் அதோட வேலை. அதைக் கொண்டுபோய்க் காறிப்போன எண்ணெயில போட்டா? அங்கேயே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு டேங்குலயே செத்துடும். குட்டிக்குக் காறலெண்ணெய் மட்டும்தான் போகும். ஏற்கெனவே உள்ளதையும் அது உறிஞ்சிடும்.”

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“சரிப்பா, ஒண்ணு மட்டும் புரியல. டப்பாவுல அளந்து போட்டா நூறுதானே வரணும்? உன் மூட்டை எப்பவும் நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு. ஏன்?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீ வேலைக்குச் சேர்ந்த பொறவு, ஒரு பிடி சேர்த்துப் போடுவேன்” என்றார். “அவரு சொல்லல. நானாத்தான். எம் பொண்ணு கையில போறது கொறைஞ்சு வந்துடக் கூடாதுன்னு. கொறைஞ்சா உன்னத்தானே திட்டுவாங்க?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடம். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, நூற்று ஒன்பது. ஒவ்வொரு தடவையும் எண் நன்றாக வந்தபோது மனசுக்குள் ஒரு துள்ளல் துள்ளியிருக்கிறாள், தன் கை அவ்வளவு சுத்தம் என்று. லாபத்துக்காக நடக்கிற எந்த ஆலையும் லேபிளில் போட்டதைவிடக் கூடுதலாக, அதுவும் தவறாமல், தாராளமாக அள்ளிப் போடாது. படித்தவளுக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பெருமை கண்ணைக் கட்டிவிட்டது. ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை யாராவது குட்டி செத்தது என்று வருவார்கள். அவளுடைய கையெழுத்தைக் காட்டித்தான் மேனேஜர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

மேஜையில் அறிக்கை தயாராக, அச்சடித்து இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி நிறைய மஞ்சள் மாத்திரை, பளபளவென்று, மெத்தென்று. ஒன்றை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார்.

“வைட்டமின் ஈ. வீட்டுக்காரி வாங்கிக் குடுத்தா. தோலுக்கு நல்லதாம்.”

“நீங்க சாப்பிடுற சாப்பாட்டுலயே தேவையானது இருக்கு, சார். மனுஷனுக்கு இது கொறைஞ்சு போறது அபூர்வம். குடல்லயோ ஈரல்லயோ கோளாறு இருந்தாத்தான். தேவையில்லாம அதிகமா முழுங்கினா ரத்தம் சரியா உறையாது.”

“டாக்டரம்மா சொல்லிட்டாங்க” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். “மூட்டையைப் பிரிச்சியாமே?”

“பிரிச்சேன். ஏழு இருக்கு. கிலோவுக்கு ஏழு மில்லிகிராம்.”

“குடோன்ல சூடு. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.”

“கொஞ்சமா? நூறுக்கு ஏழு கொஞ்சமா சார்? பதினேழாம் நம்பரை எல்லாம் திருப்பி வாங்குங்க. இன்னைக்கே. மத்த கொட்டகையில இன்னும் சாகாத குட்டிங்க இருக்கும்.”

“திருப்பி வாங்கினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. அடுத்த மாசத்துல இருந்து பூச்சுப் போட்ட தூளே வாங்கிடலாம், போதுமா? செத்தது செத்துப்போச்சு. கையெழுத்தைப் போடு.”

“போட மாட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“சரி, போடாத. என்னன்னு எழுதுவ? சாம்பிள் பொய்ன்னா? யாரு கலந்தா? நான் கலந்தேனா? நான் சொன்னதுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கா? கலந்தது உங்கப்பா கை. அனுப்பினது உங்கப்பா கை. டப்பாவுல நான் அளந்து குடுத்ததுக்கு மேல ஒரு பிடி போட்டிருக்காரு, அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? எண்ணு ஏறினதைப் பார்த்துட்டுத்தான் சும்மா இருந்தேன். மகளோட வேலையைக் காப்பாத்த அப்பன் சாம்பிளைக் கெடுத்தான்னு நான் எழுதுவேன். அப்பனும் மகளும் சேர்ந்து செஞ்சீங்கன்னு ஆகும். ஆட்டுக்காரிக்கு நீ நல்லவளா இருந்துக்கோ.”

அறிக்கைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “நாலு மணிக்குப் போகணும். பேனா இருக்கா, தரட்டுமா?”

“இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து லேபுக்குப் போனாள்.

வெள்ளைத் தாளை எடுத்தாள். பெரிய மெஷினில் என்ன ஊற்றுகிறார்கள், சாம்பிள் எப்படித் தனியாகக் கலக்கப்படுகிறது, இன்று காலை பிரித்த மூட்டையில் எவ்வளவு இருந்தது, எல்லாம் எழுதினாள். எழுதி முடித்தபோது அப்பா வாசலில் நின்றார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

“எனக்குப் படிச்சுக் காட்டு” என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர். சம்பளச் சீட்டையே அவள்தான் படித்துச் சொல்வாள்.

படித்தாள். நிறுத்தி நிறுத்தி, அவருக்குப் புரிகிற மாதிரி. “சாம்பிள் மூட்டையைக் கலந்தவர் என் அப்பா. தனியாகக் கலக்கச் சொன்னவர் மேனேஜர். சொன்னதற்கு மேல் என் அப்பா தாமாக ஒரு பிடி சேர்த்திருக்கிறார். எண் எப்போதும் கூடுதலாக வந்ததைப் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டவள் நான்.”

“அந்த ஒரு பிடியை விட்டுடு, பாப்பா.”

“முடியாதுப்பா.”

“மத்ததெல்லாம் எழுதிக்கோ. கலந்தேன்னு எழுது, சரி, சொன்னாங்க செஞ்சேன். கூலிக்காரன் செய்யத்தான் செய்வான்னு விட்டுடுவாங்க. அந்தப் பிடி யாரும் சொல்லிப் போடல. அதுல நான் மாட்டிக்குவேன்.”

“அதை விட்டா நூத்திப் பன்னெண்டு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. ஒண்ணு மறைச்சா மிச்சமும் பொய்ன்னு ஆயிடும். அதைத்தான் அந்தாளு எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு.”

“உனக்காகப் போட்டது அது.”

“தெரியும்.”

“உன்னைப் படிக்க வெக்க எத்தனை மூட்டை தூக்கினேன்னு தெரியுமா?” குரல் உடைந்தது, உடைந்த வேகத்தில் கத்தலாக மாறியது. “படிச்சு வந்து எம் பேரையே எழுதுறியா? எனக்கு எதிராவா படிச்ச?”

அவளுக்கும் கத்தத் தோன்றியது. அந்தப் பிடியில் எனக்கு என்ன போட்டாய், ஆட்டுக்குட்டிக்கு என்ன போட்டாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் முகத்தில் ஏற்கெனவே அந்தக் கேள்வி இருந்தது. அது தன் காதில் விழாமல் இருப்பதற்காகத்தான் அவர் கத்திக்கொண்டிருந்தார்.

“பகல்லயே டாக்டர்கிட்ட பேசிட்டேன்ப்பா. பிரிச்ச மூட்டையில பாதியை சீல் வெச்சுக் குடுத்து அனுப்பிட்டேன். பதினேழாம் நம்பர் வாங்கினவங்க எல்லாரையும் அவரு கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. மேனேஜர் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுது.”

“என்னைக் கேக்கவே இல்லையே.”

“கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப.”

அவர் சுவரில் சாய்ந்தார். பழுதான தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார், வலிக்கும்போது பிடிக்கிற மாதிரி.

அவள் அவர் முன்னாலேயே தாளின் அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். போன் அடித்தது, ஆட்டுக்காரம்மா. எடுத்தாள்.

“இன்னொண்ணு” என்றாள் அந்த அம்மாள். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மணி மூன்றே முக்கால். தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி குடோனைக் கடந்தாள். லாரியில் பதினேழாம் நம்பர் ஏறிக்கொண்டிருந்தது. தையல் மெஷின்காரன் ஏதோ கேலி செய்ய வாய் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். “அண்ணே, அதை ஏத்தாதீங்க” என்றாள். அவன் லாரியைப் பார்த்தான், மேனேஜர் ஜன்னலைப் பார்த்தான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அவள் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, கால்நடை ஆபீஸ் இருக்கிற திசையில் வேகமாக நடந்தாள். பின்னால் அப்பா கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.